ஒரே வகுப்புக்கு இரண்டு தடவை பணமா? ஏர்லி காலேஜ் கணக்கு

அமெரிக்காவில் ஏர்லி காலேஜ் என்றொரு வகைப் பள்ளி இருக்கிறது. ஒன்பதாம் வகுப்பில் சேரும் பிள்ளை நான்கு வருடத்தில் (சில இடங்களில் ஐந்து) பள்ளிச் சான்றிதழோடு, இரண்டு வருடக் கல்லூரிப் படிப்புக்கான கிரெடிட்டையும் வாங்கிக்கொண்டு வெளியே வரலாம். கல்லூரிக் கட்டணம் வீட்டிலிருந்து போகாது. கேட்க நல்லாத்தான் இருக்கு. எனக்கு வந்த கேள்வி வேற: அப்போ யார் பாக்கெட்டிலிருந்து போகுது? கொஞ்ச நாளாக அதைத்தான் நோண்டிக்கொண்டிருக்கிறேன்.

முன்கதை சுருக்கமாக. 1974இல் நியூயார்க்கின் லாகார்டியா கம்யூனிட்டி காலேஜ் தன் வளாகத்துக்குள்ளேயே ஒரு உயர்நிலைப் பள்ளியைத் தொடங்கியது. படிப்பைப் பாதியில் விட்டுவிடுவார்கள் என்று அஞ்சப்பட்ட பிள்ளைகளைக் கல்லூரி மாணவர்களோடு நடமாட விட்டால் என்ன ஆகும் என்பதுதான் யோசனை. 2002இல் கேட்ஸ் அறக்கட்டளையும் வேறு சில அறக்கட்டளைகளும் பணம் போட்டு, நாடு முழுக்க ஏர்லி காலேஜ் பள்ளிகள் முளைத்தன. அறக்கட்டளைப் பணம் விதைநெல் மாதிரி. முதல் போகத்துக்கு வரும். அதற்கப்புறம் மாநில அரசு ஏத்துக்கணும், இல்லைன்னா பள்ளி திணறணும்.

நன்றாக ஏற்றுக்கொண்ட மாநிலம் வட கரோலினா. 2003இல் இதற்கென்று தனிச் சட்டம் போட்டார்கள். இன்று அந்தச் சட்டத்தின்கீழ் 130க்கும் மேற்பட்ட பள்ளிகள், பெரும்பாலும் கம்யூனிட்டி காலேஜ் வளாகங்களில். இடைநிற்றல் அபாயம் உள்ளவர்கள், குடும்பத்தில் முதல் தலைமுறையாகக் கல்லூரி போகிறவர்கள் எல்லாம் யாருக்காக இந்தப் பள்ளி என்ற பட்டியலிலேயே இருக்கிறார்கள். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

அங்கே பணம் மூன்று குழாய் வழியாக வருகிறது. மற்ற எல்லாப் பள்ளிக்கும் போல மாணவர் தலைக்கு இவ்வளவு என்று பள்ளிக்கு வருவது ஒன்று. அதே மாணவர் கல்லூரி வகுப்பில் உட்காரும் நேரத்தைக் கணக்கிட்டு மாநிலம் கம்யூனிட்டி காலேஜுக்குக் கொடுப்பது இரண்டாவது. மாணவரிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்பதால் இந்தக் குழாய் ஓடியே ஆகணும். மூன்றாவது, பள்ளிக்குப் பள்ளி தரும் கூடுதல் தொகை. 2017இலிருந்து இது மாவட்டத்தின் பொருளாதார நிலையைப் பொறுத்து வருடத்துக்கு 2,75,000, 2,00,000 அல்லது 1,80,000 டாலர் என்று ஆனது. ஏழை மாவட்டத்துக்கு அதிகம்.

முதல் இரண்டைப் பார்த்ததும் பட்ஜெட் போடுகிறவர்கள் கேட்பது: ஒரே பையன், ஒரே மணி நேரம், ரெண்டு பில்லா? நியாயமான கேள்விதான். ஆனால் காலை பத்து மணிக்கு இருபது பிள்ளைகள் கல்லூரி வகுப்புக்குப் போய்விட்டார்கள் என்பதற்காகப் பள்ளியின் பஸ் செலவோ கட்டடச் செலவோ குறைவதில்லை. கல்லூரிக்கோ அந்த வகுப்பை நடத்தும் செலவு உண்மையான செலவு. ஒரு பக்கம் வெட்டினால் என்ன ஆகும் என்பதற்கு ஒஹாயோவைப் பார்க்கலாம். அங்கே ஏர்லி காலேஜுக்கு வெளியே, சாதாரணப் பள்ளி மாணவர்கள் கல்லூரிப் பாடம் எடுப்பதற்கான காலேஜ் கிரெடிட் ப்ளஸ் திட்டத்தில், கல்லூரிக்குப் போகும் தொகை பள்ளி மாவட்டத்துக்கு வரவேண்டிய பணத்திலிருந்து கழிக்கப்படுகிறது. கல்லூரி வளாகத்தில் படித்தால் அதிகம், பள்ளியிலேயே பள்ளி ஆசிரியர் நடத்தினால் ரொம்பக் குறைவு. நீங்கள் தலைமையாசிரியராக இருந்தால் பிள்ளையை எங்கே உட்கார வைப்பீர்கள்?

என் கவலை மூன்றாவது குழாய் மேல்தான். வெட்டுவதற்கு அதுதான் சுலபம், ஏன்னா அது கிரெடிட் வாங்கித் தருவதில்லை. அது வாங்கித் தருவது புத்தகம், ஆலோசகர், கல்லூரிக்கும் பள்ளிக்கும் நடுவில் நிற்கும் ஒரு ஆள். அந்த ஆள் எதற்கு? பதினைந்து வயதில் கல்லூரி இயற்கணிதத்தில் ஃபெயில் ஆனால், அந்த எஃப் பள்ளியோடு போகாது. கல்லூரி மதிப்பெண் பட்டியலில் ஏறி, பின்னால் வேறு கல்லூரிக்கு விண்ணப்பிக்கும்போதும் கூடவே வரும். ஆறாவது வாரத்திலேயே "தம்பி, இதுல தடுமாறுற, ட்யூட்டரிடம் போ" என்று சொல்ல யாராவது வேணும். படித்த அப்பா அம்மா இருக்கும் வீட்டில் அதை அவங்களே சொல்லிடுவாங்க. சட்டம் பட்டியலிட்ட பிள்ளைகளுக்கு வீட்டில் அப்படி ஆள் இல்லை.

இதற்கு ஆதாரமாக எல்லோரும் காட்டுவது அமெரிக்கன் இன்ஸ்டிட்யூட்ஸ் ஃபார் ரிசர்ச் செய்த ஆய்வு. விண்ணப்பம் அதிகமானதால் குலுக்கல் போட்ட பள்ளிகளை எடுத்து, இடம் கிடைத்தவர்களையும் கிடைக்காதவர்களையும் ஒப்பிட்டார்கள். பள்ளி முடிக்கவேண்டிய வருடத்திலிருந்து ஆறு வருடத்துக்குள் ஏதாவது ஒரு கல்லூரிப் பட்டம் வாங்கியவர்கள் முதல் கூட்டத்தில் சுமார் 45 சதவீதம், இரண்டாவதில் 34. கூடுதல் செலவு மாணவருக்கு வருடத்துக்கு 950 டாலர் அளவு, நான்கு வருடத்துக்கு 3,800. வாழ்நாள் பலன் ஏறக்குறைய 58,000 டாலர். அதில் ஒரு பகுதி வரியாகவும் மிச்சமாகும் உதவிச் செலவாகவும் பொதுக் கஜானாவுக்கே திரும்புகிறது.

இந்த எண்களைச் சொல்லும்போது ஒன்றைக் கவனிக்கணும். ஆய்வில் இருந்தவை ஆலோசகரும் ட்யூட்டரும் சேர்ந்த முழுப் பள்ளிகள். வெறும் கல்லூரிப் பாடம் ஒன்றிரண்டை மட்டும் பள்ளியில் சேர்த்துவிட்டு, "ஆய்வு சொல்லுது" என்று அதே 45ஐக் காட்டுவது சரியில்லை. அரசியல்வாதிகள் அதைத்தான் செய்ய ஆசைப்படுவார்கள். மலிவு.

மத்திய அரசு உதவாதா என்றால், ஏழை மாணவர்களுக்கான பெல் கிராண்ட் பள்ளியில் படித்துக்கொண்டிருப்பவருக்குக் கிடையாது என்பது சட்டம். 2016இல் ஒரு பரிசோதனையாக 44 கல்லூரிகளில், சுமார் 10,000 மாணவர்களை எதிர்பார்த்து, 2 கோடி டாலர் வரை அனுமதித்தார்கள். அதில் ஒரு பொறி உண்டு. பெல் வாழ்நாளில் பன்னிரண்டு செமஸ்டருக்குத்தான். பள்ளியிலேயே செலவழித்தால் பின்னால் அதில் குறையும்.

டெக்சாஸ் வேறு வழி பிடித்தது. 2023இல் கொண்டுவந்த ஃபாஸ்ட் திட்டத்தில், குறைந்த வருமான வீட்டுப் பிள்ளைகள் கல்லூரிப் பாடம் எடுத்தால் மாநிலமே கல்லூரிக்குப் பணம் கொடுக்கும், மாணவருக்கு இலவசம். பெல் கணக்கில் கை வைக்கவேண்டியதில்லை. ஆனால் பணம் கிரெடிட் கணக்கில்தான் எண்ணிக் கொடுக்கப்படுகிறது. ஆறாவது வாரத்தில் கூப்பிட்டுப் பேசும் அந்த ஆளின் சம்பளத்தைப் பள்ளி வேறெங்காவதுதான் தேடணும்.