லிப்ட் வைக்கப் போகிறீர்களா? முதலில் உரிமம்!



நம் கொமரலிங்கத்தில் மளிகைக் கடை என்றால் பெரும்பாலும் தரைத்தளம்தான். ஆனால் உடுமலையிலும் திருப்பூரிலும் நிலம் விற்கிற விலைக்கு, மாடி எடுக்காமல் கிட்டங்கி கட்ட முடிவதில்லை. மாடி வந்தால் பின்னாலேயே லிப்டும் வருகிறது. வைப்பவர்கள் விலையை விசாரிக்கிறார்கள். உரிமத்தை விசாரிப்பவர்கள் குறைவு.

தமிழ்நாட்டில் லிப்டுகளுக்கென்று 1997இல் தனிச் சட்டம் வந்தது. அதன்படி லிப்ட் அமைக்கும் முன் அனுமதி வாங்க வேண்டும். அமைத்து முடிந்து, ஆய்வு செய்து, உரிமம் கிடைத்த பிறகே ஓட்ட வேண்டும். இரண்டும் தனித்தனி. இவற்றைக் கவனிப்பது அரசின் மின் ஆய்வுத் துறை. "கான்ட்ராக்டர் பார்த்துக்கொள்வார்" என்று நாம் இருந்துவிடலாகாது. அவர் தாள்களை எழுதிக் கொண்டுவந்தாலும், பதில் சொல்ல வேண்டியவர் கட்டட உரிமையாளர்தான்.

கடைக்கு ஒயரிங் செய்யும் கான்ட்ராக்டருக்கே தமிழ்நாடு மின் உரிமம் வழங்கும் வாரியத்தின் லைசென்ஸ் வேண்டும். லிப்ட் அதைவிடப் பெரிய வேலை. மும்பையில் 1939லேயே லிப்ட் சட்டம் வந்துவிட்டது. மகாராஷ்டிரத்தில் லிப்ட் கான்ட்ராக்டர்களுக்கென்றே தனி உரிமம் உண்டு.

இவ்வளவு கண்டிப்பு எதற்கு? லிப்ட் அளவுக்கு மீறி வேகமாக இறங்கினால், வேகத்தைக் கண்காணிக்கும் கவர்னர் என்ற கருவி, பக்கத்துத் தண்டவாளங்களைக் கவ்விப் பிடிக்கும் பிரேக்கை இயக்க வேண்டும். பெட்டி வந்து நிற்காத மாடியில் கதவு திறக்கக் கூடாது. குறைந்த விலைக்கு வெல்டிங் பட்டறையில் செய்து மாட்டும் தூக்கியில் இந்த இரண்டும் பெரும்பாலும் இருப்பதில்லை. ஆனால் மூட்டையோடு நம் கடைப் பையனும் அதில் ஏறிவிடுகிறான்.

பாரக் கணக்கும் தெரிந்திருக்க வேண்டும். நம் நாட்டில் ஆளுக்கு 68 கிலோ என்று கணக்கு. ஆறு பேர் லிப்ட் என்றால் 408 கிலோ. அதில் 50 கிலோ சர்க்கரை மூட்டை எட்டு ஏற்றினால் 400 கிலோ ஆகிவிடும். ஓர் ஆள் ஏறக்கூட இடமில்லை. சரக்கு ஏற்றுவதானால் சரக்கு லிப்ட் என்று முதலிலேயே சொல்லி, அதற்கேற்ற அளவில் வாங்க வேண்டும்.

பனியன் கம்பெனிகளுக்கு இது பழைய பாடம். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம், ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது தகுதி பெற்றவர் லிப்டைச் சோதிக்க வேண்டும் என்று அன்றே வகுத்தது.

ஆகவே முன்பணம் கொடுக்கும் முன் நான்கு கேள்விகள் கேளுங்கள்:

1. அமைக்கும் அனுமதியும் ஓட்டும் உரிமமும் யார் பொறுப்பில், எந்தத் தேதிக்குள் வரும்?

2. இதற்குமுன் இவர் அமைத்த லிப்டின் உரிமத்தைக் காட்ட முடியுமா?

3. பராமரிப்புக்கு எத்தனை நாளுக்கு ஒருமுறை ஆள் வருவார்? எழுத்தில் தருவாரா?

4. எத்தனை கிலோ தாங்கும் என்பதைப் பெட்டிக்குள் எழுதி வைப்பாரா?

உரிமம் கைக்கு வந்த பிறகே கடைசித் தவணையைக் கொடுங்கள். புதுப்பிக்க வேண்டிய தேதியைக் கணக்குப் புத்தகத்தில் குறித்துக்கொள்ளுங்கள். மூட்டை விழுந்தால் வேறு மூட்டை வாங்கிக்கொள்ளலாம். நம்மை நம்பி வேலைக்கு வந்த பிள்ளைக்கு அப்படி ஈடு கிடையாது.