செவிட்டு நாயும் வெள்ளை மோகமும்

நம் நாட்டு நாய்களின் மீது ஜனங்களுக்கு இப்பொழுது ஓர் அபிமானம் பிறந்திருக்கிறது. 2005-ஆம் வருஷத்தில் இந்தியத் தபால் இலாகா நான்கு சுதேச நாய் இனங்களுக்கு முத்திரை வெளியிட்டபோது, அவற்றுள் ராஜபாளையம் நாயும் இடம் பெற்றது. 2020 ஆகஸ்டில் பிரதம மந்திரி ஸ்ரீ நரேந்திர மோடி தமது வானொலிப் பேச்சில் ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை முதலிய நாய்களைப் பெயர் சொல்லிப் புகழ்ந்தார். அன்னிய நாட்டு நாயைச் சங்கிலியில் பிடித்து நடப்பதே கௌரவம் என்ற எண்ணம் தளர்வது நல்லதே. ஆனால் அபிமானம் வந்த வேகத்தில் அறிவு வரவில்லை. அதனால் வாயில்லா ஜீவன்கள் படும் துன்பத்தைச் சொல்லவே இதை எழுதுகிறோம்.

ராஜபாளையம் நமக்கு அன்னிய ஊரன்று. 1910-ல் ராமநாதபுரம் ஜில்லா உருவாகும் வரையில் அது திருநெல்வேலி ஜில்லாவிலேயே இருந்தது. அம்பாசமுத்திரத்திலிருந்து தென்காசி, புளியங்குடி, சிவகிரி என்று மலையோரமாகவே போனால் அவ்வூரை அடையலாம். பாளையக்காரர் காலத்தில் ஆங்கிலேயரின் குதிரை லாயங்களின் மீது இந்நாய்களை ஏவினார்கள் என்று சொல்லும் வழக்கமும் உண்டு. அதற்குச் சாசன ஆதாரம் கேட்பவர்களோடு நாம் வாதாட வரவில்லை. பால் போன்ற வெண்மை, ரோஜா நிற மூக்கு, நெடிய கால்கள், எஜமானனைத் தவிர வேறு எவரையும் சட்டை செய்யாத மிடுக்கு: இவைதாம் அதன் லக்ஷணங்கள். இவற்றைக் கண்டு மயங்கியே நாமும் ஒரு குட்டி வாங்கினோம்.

பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அது திரும்பாது. ஜாதி நாயின் திமிர் என்று நினைத்துப் பெருமைப்பட்டோம்! ஒரு நாள் சமையற்கட்டில் பித்தளைத் தாம்பாளம் ஒன்று கல் தரையில் விழுந்தது. வீட்டிலுள்ளோர் அனைவரும் துள்ளி எழுந்தோம். இரண்டு முழ தூரத்தில் படுத்திருந்த குட்டியோ கண்ணைத் திறக்கவில்லை. அப்பொழுதுதான் உண்மை விளங்கிற்று. விற்றவரிடம் கேட்டோம். “வெள்ளையும் ரோஜா மூக்கும் வேண்டும் என்றீர்கள், கொடுத்தேன்” என்றார். அதற்குப் பதில் சொல்ல நம்மிடம் வார்த்தை இல்லை. அன்பர்கள் பலர் யோசனை சொன்னார்கள். ஆற்றுக்கு அக்கரையில் விட்டுவிடு என்றார் ஒருவர். ஊசி போட்டுவிடு என்றார் மற்றொருவர். காவலுக்கு உதவாத நாய்க்குச் சோறு எதற்கு என்பது அவர்கள் கட்சி.

செவிட்டு நாயை வளர்ப்பது சுலபம் என்று நாம் கூறமாட்டோம். தூங்கும்போது திடீரென்று தொட்டால் அது பதறி எழுந்து கடிக்க வரும். அது கோபமன்று, பயம். ஆகையால் மூக்கருகே கையை நீட்டி, வாசனையைக் காட்டிய பிறகே தோளில் மெதுவாகத் தொட்டு எழுப்ப வேண்டும். தரையைக் காலால் தட்டினால் அதிர்வை உணர்ந்து திரும்பும். இருட்டில் டார்ச் விளக்கை இரு முறை மின்னச் செய்தால் ஓடிவரும். உள்ளங்கையைக் காட்டினால் நில்; விரலைக் கீழே சுட்டினால் உட்கார். இத்தகைய சைகைகளை இரண்டே மாதத்தில் கற்றுக்கொண்டது. கற்க அதிக காலம் பிடித்தது நமக்குத்தான்.

வெளியில் அதைக் கயிறின்றி விடுவதில்லை. மோட்டார் ஹாரன் அதற்குக் கேட்காது. நம் பிரதேசத்தில் வேறொரு அபாயமும் உண்டு. களக்காடு-முண்டந்துறைப் புலிகள் காப்பகம் நம் வாசலில் இருக்கிறது. 2024 மே மாதத்தில் பாபநாசத்தை அடுத்த வேம்பையாபுரத்திலும் அனவன்குடியிருப்பிலும் வனத்துறையார் கூண்டு வைத்துச் சிறுத்தைகளைப் பிடித்ததை வாசகர்கள் மறந்திரார். சிறுத்தைக்கு நாய் பிரியமான இரை. பின்னால் வரும் காலடி கேளாத நாய் ஒரு விநாடியில் போய்விடும். ஆகவே பொழுது சாய்ந்தால் அது வீட்டுக்குள்தான்.

இத்தனைக்கும் ஈடாக அது தரும் இன்பம் பெரிது. தீபாவளி இரவில் தெரு நாய்களெல்லாம் நடுங்கி ஒளிய, நம் நாய் திண்ணையில் நிம்மதியாக உறங்குகிறது. செங்கோட்டை ரயில் கூவினாலும் அதற்குக் கவலையில்லை. காது இல்லாத குறையை அது கண்ணால் தீர்த்துக்கொள்கிறது. எந்நேரமும் நம் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறது. செவியுள்ள ராஜாங்கங்களுக்கு மகஜர்கள் எழுதிப் பழகிய நமக்கு இப்படிப்பட்ட கவனிப்பு புதிது.

இந்தச் செவிடு விதியின் கொடுமையன்று. தோலுக்கும் மயிருக்கும் நிறம் தருகிற உயிரணுக்கள் உட்காதிலும் இருக்கின்றன. அவை அங்கே இல்லாவிடில், பிறந்த சில வாரங்களில் ஒலியை உணரும் நுண்ணிய அணுக்கள் அழிந்துவிடுகின்றன. நீலக் கண்ணுள்ள பூனைகளின் செவிட்டைப் பற்றி டார்வின் 1859-ல் வெளியிட்ட நூலிலேயே குறிப்பிட்டிருக்கிறார். அமெரிக்காவில் பரிசோதித்த டால்மேஷியன் நாய்களில் நூற்றுக்குச் சுமார் 30 ஒரு காதிலாவது செவிடாயிருந்தன. வெள்ளை ராஜபாளையம் நாய் எல்லாமே செவிடு என்று எவரும் எண்ணவேண்டாம். நன்றாகக் கேட்பவை எத்தனையோ உண்டு. ஒரு காது மட்டும் கேளாத நாயை வளர்ப்பவரே கண்டுகொள்வது அரிது. அதுவும் குறையைத் தன் சந்ததிக்குக் கொடுக்கும். காதில் ஒலியைச் செலுத்தி மூளையின் மின் அதிர்வை அளக்கும் பரிசோதனையால்தான் அதை அறியலாம். ஐந்து வாரக் குட்டிக்கே இதைச் செய்யலாம்.

தூய வெள்ளை அல்லாத குட்டி பிறந்தால் அதை இழிவாக எண்ணி ஒதுக்குவதும், வெள்ளையோடு வெள்ளையையே சேர்ப்பதும் நெடுநாளைய வழக்கம். வெள்ளைக்காரனை வெளியேற்றிய தேசத்தில் வெள்ளைத் தோலுக்கு இத்தனை மதிப்பு ஏன்? பழுப்பு நிறக் குட்டியும் ராஜபாளையம் நாயின் வயிற்றில் பிறந்ததுதானே! வாங்குகிறவர்கள் நிறத்தைக் கேட்பதற்கு முன் காதைப் பற்றிக் கேட்கட்டும். கேட்கத் தொடங்கினால் விற்கிறவர்களும் தாமாகவே மாறுவார்கள். பிறந்துவிட்ட செவிட்டுக் குட்டியைக் கொல்வதும் தெருவில் விடுவதும் அக்கிரமம். அதைக் கொண்டு மேலும் குட்டி போடச் செய்வதும் அதற்குக் குறைந்ததன்று.

நம் நாயின் அழகைக் கண்டு இணை சேர்க்கக் கேட்டு வருகிறவர்கள் உண்டு. சென்ற மாதமும் ஒருவர் கடையத்திலிருந்து வந்தார். கருத்தடைச் சிகிச்சை செய்தாகிவிட்டது என்று சொன்னோம். “இவ்வளவு வெள்ளை நாயை இப்படி வீணாக்கிவிட்டீர்களே!” என்று உரக்கவே கடிந்துகொண்டார். அவர் காலடியில் படுத்திருந்த நாய் நம் முகத்தைப் பார்த்து வாலை ஆட்டிற்று.