அடிப்படைத் தமிழ் (பட்டப்படிப்பு)

அடிப்படைத் தமிழ் என்பது, பள்ளியில் தமிழ் படிக்காமல் தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் சேர்வோருக்கான பாடம். சென்னைப் பல்கலைக்கழக இளநிலைப் பட்டப்படிப்புகளில் பகுதி 1 மொழிப்பாடம், பகுதி 2 ஆங்கிலம். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் படிக்காமல், பகுதி 1-இல் தெலுங்கு, இந்தி, பிரெஞ்சு போன்ற மொழியை எடுத்தவர் பகுதி 4-இல் அடிப்படைத் தமிழ் படிக்க வேண்டும். பள்ளியில் தமிழ் படித்துவிட்டுக் கல்லூரியில் வேறு மொழி எடுத்தவருக்குச் சிறப்புத் தமிழ் உண்டு. இதில் தேறாவிட்டால், முதன்மைப் பாடங்களில் தேறியிருந்தாலும் பட்டம் கிடைக்காது.

திருவள்ளூர் மாவட்டம் எளாவூர் ஆந்திர எல்லையை ஒட்டிய ஊர்; இப்பகுதியில் தெலுங்கு பேசுவோரும் வாழ்கின்றனர். 2006-ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டம், 2006-07 கல்வியாண்டில் முதல் வகுப்பில் தொடங்கிப் படிப்படியாகத் தமிழைக் கட்டாயமாக்கியது. எல்லைக்கு அப்பால் தெலுங்கு வழியில் படித்துவிட்டு வருபவருக்கோ கல்லூரியில்தான் தமிழ் எழுத்து அறிமுகமாகிறது. எனவே சேர்க்கையின்போதே மொழிப்பாட விதியைக் கேட்டறிவது நல்லது.