இலை உதிரும் மாதத்து ஞாயிறு



தமிழ்நாட்டிலிருந்து வரும் கதைப் புத்தகங்களில் ‘கோடை விடுமுறை’ என்ற சொல்லைப் பிள்ளைகள் அடிக்கடி காண்கிறார்கள். கண்டதும், “ஐயா, நமக்குக் கோடை எப்போது?” என்று கேட்கிறார்கள். நம் நாட்டில் வெயிலும் மழையும் ஆண்டு முழுவதும் மாறி மாறி வருவதால் இதற்கு விடை சொல்வது சற்றுச் சிரமம்தான். ஆனாலும் பால்மரத் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு அந்த விடை தெரியும். பிப்ரவரி, மார்ச் மாதங்களில் மரங்கள் இலையைக் கொட்டிவிட்டு மொட்டையாக நிற்கின்றன அல்லவா, அதுதான் நமக்குக் கோடை. செம்பனைத் தோட்டத்தார்க்கு இந்த அடையாளம் இல்லை. செம்பனை ஆண்டு முழுவதும் பச்சையாகவே நிற்கும். அவர்களுக்கு வெயில் மட்டும் உண்டு.

மரம் ஏன் இலையை உதிர்க்கிறது? மழை குறைந்த நாட்களில் மண்ணில் ஈரம் குறைகிறது. இலைகள் வழியாக நீர் ஆவியாகிப் போய்க்கொண்டே இருந்தால் மரம் தாங்காது. ஆகவே பழைய இலைகளைக் கழற்றிவிடுகிறது. சில வாரங்களில் செம்பு நிறத்தில் புதுத் தளிர் வரும். அந்தத் தளிரை உண்டாக்குவதற்கு மரம் தன்னிடம் சேர்த்து வைத்திருக்கும் உணவையெல்லாம் செலவிடுகிறது. அதனால் பால் குறைகிறது. பால் குறைந்தால் வெட்டுபவர் கைக்கு வரும் கூலியும் குறைகிறது. சில தோட்டங்களில் மரத்துக்கு ஓய்வு கொடுப்பதற்காக வெட்டையே சில நாள் நிறுத்திவிடுவதும் உண்டு.

இந்த மாதங்களில் நம் குடும்பங்களுக்கு நேரம் கொஞ்சம் கூடுகிறது, காசு குறைகிறது. மற்ற மாதங்களில் ஞாயிற்றுக்கிழமை என்றால் பட்டணத்துக்குப் போவோம், படம் பார்ப்போம், பிள்ளைகளுக்கு ஏதாவது வாங்கித் தருவோம். இலை உதிரும் மாதத்தில் அதற்கு வழியில்லை. வெளியில் கைவேலை கிடைத்தால் சிலர் அதற்குப் போய்விடுகிறார்கள். அதை நாம் குறை கூறவில்லை. அடுப்பு எரிய வேண்டுமே! மற்றவர்களுக்கு அந்த ஞாயிறு படுத்துக் கிடப்பதிலும் சலித்துக்கொள்வதிலும் கழிந்துபோகிறது. காசில்லாத ஞாயிற்றை என்ன செய்வது என்பதே இன்றைய பேச்சு.

எங்கள் பள்ளியில் நான்காம் ஆண்டு மாணவர்களுக்கு ஒருமுறை ‘ஞாயிற்றுக்கிழமை’ என்று கட்டுரைத் தலைப்புக் கொடுத்தோம். கடற்கரை, விலங்குக் காட்சிச்சாலை என்று புத்தகத்தில் படித்ததையே பலரும் எழுதியிருந்தார்கள். ஒரு சிறுமி மட்டும் நான்கே வரிகள் எழுதியிருந்தாள். அப்பா தூங்குவார். அம்மா துணி துவைப்பார். நான் தம்பியைப் பார்த்துக்கொள்வேன். சாயங்காலம் அம்மாவுக்கு முதுகு வலிக்கும். கட்டுரை மிகவும் சிறியது என்று சிவப்பு மையால் எழுதிவிட்டோம். பிறகுதான், அதில் சேர்ப்பதற்கு அந்தப் பிள்ளையிடம் வேறொன்றும் இருந்திருக்காது என்பது உறைத்தது.

வாரத்தில் ஒரு முழு நாள் தொழிலாளிக்கு ஓய்வு தர வேண்டும் என்று 1955ஆம் ஆண்டின் வேலைச் சட்டம் தன் 59ஆம் பிரிவில் கூறுகிறது. நம் முன்னோர் கண்டிராத உரிமை அது. ஆனால் அந்த ஓய்வு வீட்டு வாசலோடு நின்றுவிடுகிறது. விடியுமுன் எழுந்து கணவனோடு சமமாக மரம் வெட்டுகிற பெண்ணுக்கு, ஆறு நாள் சேர்ந்த காட்டு உடுப்புகளைத் துவைக்கும் நாளாகத்தான் ஞாயிறு வருகிறது. பால் கறை படிந்த சட்டையைத் துவைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது பாதி நாளை விழுங்கிவிடும். இதைச் சொல்லும்போது ஆசிரியர்களாகிய எங்களையும் சேர்த்துத்தான் சொல்லுகிறோம். ஞாயிறு முழுவதும் நோட்டுப் புத்தகங்களைத் திருத்திக்கொண்டு, காப்பி எங்கே என்று உள்ளே குரல் கொடுத்தவர்கள்தாம் நாங்களும்.

ஆகவே இன்பம் எது என்று தேடுவதற்கு முன்னால் நேரத்தை உண்டாக்கியாக வேண்டும். முழு நாள் வேண்டாம், காலையில் இரண்டு மணி நேரம் போதும். பசியாறியபின் ஏழரை மணியிலிருந்து ஒன்பதரை வரை வெயில் ஏறியிருக்காது. துவைப்பதில் ஒரு பகுதியைச் சனிக்கிழமை மாலையிலேயே முடித்துவிடலாம். பள்ளிச் சீருடையைப் பத்து வயதுப் பிள்ளை தானே துவைத்துக்கொள்ளும். பையனும்தான்! பெண் பிள்ளைக்கு மட்டும் இதைச் சொல்லாதீர்கள். கனமான துணிகளைப் பிழிந்து கொடியில் போடுவது ஆண்களுக்கு ஏற்ற வேலை. பசியாறுவதற்கு முதல் நாளே மரவள்ளிக்கிழங்கை அவித்து வைத்துவிட்டால் அடுப்படியில் நிற்க வேண்டியதில்லை. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கெடா போன்ற மாநிலங்களில் பள்ளிகளுக்கு வெள்ளியும் சனியும் விடுமுறை. பெற்றோரின் ஓய்வு நாள் ஞாயிறாக இருந்தால், அந்த இரண்டு மணி நேரத்தைப் பிள்ளைகள் வீட்டில் இருக்கும் வேறொரு மாலைக்கு மாற்றிக்கொள்ளலாம்.

சரி, அந்த நேரத்தில் என்ன செய்வது?

முதலில், தாய் தன் நிரையைப் பிள்ளைகளுக்குக் காட்டலாம். ஆறு நாள் பார்த்த மரத்தை ஏழாம் நாளும் பார்க்கச் சொல்கிறாரே இந்த வாத்தியார் என்று நீங்கள் சிரிப்பது எங்களுக்குக் கேட்கிறது. ஆனால் வாளியும் உளியும் இல்லாமல் வெறுங்கையோடு போய்ப் பாருங்கள். தாய் எந்த மேட்டில் ஏறி எந்தப் பள்ளத்தில் இறங்குகிறாள் என்பதைக் காணாத பிள்ளைகள் தோட்டத்திலேயே பலர் இருக்கிறார்கள். எந்த மரம் தாராளமாகப் பால் தரும், எது கஞ்சத்தனம் செய்யும், பட்டையில் காயம் படாமல் வெட்டுவது எப்படி என்பதெல்லாம் அவளுக்குத் தெரிந்த கல்வி. அதைக் கேட்டுவிட்டுப் பள்ளிக்கு வரும் பிள்ளை வேறு மாதிரி பேசும்.

உதிர்ந்து கிடக்கும் இலைகளைப் பொறுக்கி வரலாம். பால்மர இலை மூன்று மூன்றாக இருப்பதைப் பிள்ளைகள் அறிவார்கள். கிழியாத முற்றிய இலைகளாகப் பார்த்து எடுத்து, ஒரு பழைய வாளியில் தண்ணீர் ஊற்றி ஊற வைக்க வேண்டும். மூன்று நான்கு வாரங்களில் இலையின் சதை அழுகிக் குழைந்துவிடும். நாற்றம் அடிக்கும், ஆகையால் வாளியை வீட்டுக்குச் சற்றுத் தள்ளி வையுங்கள். பிறகு இலையைப் பலகையின்மேல் விரித்து, பழைய பல் துலக்கியால் மெல்லத் தேய்த்தால் சதை கழன்று நரம்பு மட்டும் வலைபோல நிற்கும். அவசரப்பட்டால் கிழிந்துவிடும். நல்ல தண்ணீரில் அலசி, பழைய செய்தித்தாளுக்குள் வைத்து உலர்த்தினால் கண்ணாடிபோல ஒளி ஊடுருவும். சாயம் தோய்த்துக் கம்பியில் கட்டினால் பூவாகிவிடும். இத்தகைய பூக்களைக் கடைகளில் விலைக்கு விற்கிறார்கள்.

ஓர் எச்சரிக்கை. தேங்கிய தண்ணீர் ஏடிஸ் கொசுவுக்குத் தொட்டில். முட்டை பொரித்து, புழுவாகி, கொசுவாகிப் பறக்க ஒரு வாரம் பத்து நாள் போதும். டிங்கிக் காய்ச்சலை வீட்டுக்கு அழைக்காமலிருக்க, வாளியின் வாயைத் துணியால் இறுகக் கட்டிவிடுங்கள்.

ஆற்றங்கரைக்குப் போவதும் நல்லதுதான். சோற்றுப் பொட்டலத்தோடு போய்க் கால் நனைத்து வந்தாலே பிள்ளைகளுக்குப் பெருநாள். ஆனால் நாம் நிற்கும் இடத்தில் வெயில் அடிக்கும்போதே மேலே மலையில் மழை கொட்டியிருக்கலாம். அந்த நீர் திரண்டு ஒரே பாய்ச்சலாக இறங்கி வருவதை மலாய்க்காரர்கள் கெப்பாலா ஆயர் என்பார்கள். தெளிந்த தண்ணீர் திடீரென்று கலங்கினால், சருகும் சுள்ளியும் மிதந்து வந்தால், மேலே இரைச்சல் கேட்டால், பாத்திரங்களை விட்டுவிட்டுப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஏறுங்கள். அந்த அபாயம் பிற்பகலில் அதிகம் என்பதும் நாம் காலை நேரத்தைச் சொன்னதற்கு ஒரு காரணம்.

பேராவில் இருப்பவர்கள் கையில் பேருந்துக் காசு சேரும் மாதத்தில் கோலகங்சாருக்கு ஒருமுறை போய் வரலாம். அமேசான் காட்டு விதையிலிருந்து முளைத்த 22 கன்றுகள் 1877ஆம் ஆண்டில் சிங்கப்பூருக்கு வந்தன. அவற்றில் 9 கன்றுகள் கோலகங்சாரில் நடப்பட்டன. அவற்றுள் ஒன்று மாவட்ட அலுவலகத்தின் அருகே இன்றும் வேலிக்குள் நிற்கிறது. அதன் முன்னால் நிறுத்தி, நம் பாட்டன்மாரைக் கப்பலேற்றிய மரம் இதுதான் என்று பிள்ளைகளிடம் சொன்னால், பாடப் புத்தகத்தில் பத்துப் பக்கம் படித்ததற்குச் சமம்.

புதுத் தளிரோடு பூவும் வரும். அந்தப் பூ காயாகி முற்ற ஐந்தாறு மாதம் ஆகும். ஆகஸ்டு, செப்டம்பர் வாக்கில் உச்சி வெயிலில் காய்கள் பட்டென்று வெடித்து விதைகளைத் தூர எறியும். பல்லாங்குழிக்கு அந்த விதைகளைவிட நல்ல காய் கிடையாது. புள்ளி போட்டு, வழவழப்பாக, கைக்கு அடக்கமாக இருக்கும். பச்சை விதையில் நஞ்சு உண்டு, சிறு குழந்தைகள் வாயில் போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். விதை பொறுக்கப் போகும் நாளில், வெடிக்கும் ஓசை வரும் பக்கமாகத் தந்தையும் பிள்ளைகளும் ஓடட்டும். தாய் ஒரு பாயை விரித்து நிழலில் உட்கார்ந்திருக்கட்டும்.