அலைவரிசை ஒன்று, ஆண்டெனா அறுபத்து நான்கு



"டவர் கண்ணுக்கு நேரா தெரியுது, போன்ல கோடும் முழுசா நிக்குது, அப்புறம் ஏம்ப்பா நெட்டு இழுக்குது?" கொல்லிமலை பெரக்கரை நாட்டில் எங்கள் வீட்டில் இந்தக் கேள்வி என்னிடம்தான் வரும். படிக்கப் போனவன் நான் ஒருத்தன்தானே! கோடு காட்டுவது அலையின் பலத்தை மட்டும். வேகமோ, அதே அலைவரிசையை எத்தனை பேர் பங்கு போடுகிறார்கள் என்பதையும் பொறுத்தது. (டவருக்குப் பின்னால் உள்ள இணைப்பு தனிக் கதை.) சரி, ஒரே அலைவரிசையில், ஒரே நேரத்தில் பல செய்திகளை அனுப்பினால் என்ன?

இதற்கு வழி சொன்னவர் பொள்ளாச்சியில் பிறந்த ஆரோக்கியசாமி பால்ராஜ். கடற்படையில் இருந்தபோது நீர்மூழ்கியைக் கண்டுபிடிக்கும் சோனாரை உருவாக்கியவர். பிறகு ஸ்டான்ஃபோர்டில் தாமஸ் கைலாத்துடன் சேர்ந்து 1992-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார், 1994-ல் கிடைத்தது. இன்று 'மைமோ' என்கிறோமே, அதற்கு அடிப்படை இது. 2014-ல் மார்கோனி பரிசும் வந்தது.

தத்துவம் நம்ம முதலாண்டு கணக்குதான். இரண்டு ஆண்டெனா இரண்டு செய்தி அனுப்புகின்றன. வாங்கும் இரண்டு ஆண்டெனாவும் இரண்டையும் கலந்தே கேட்கும். அதாவது இரண்டு சமன்பாடு, தெரியாதவை இரண்டு. கிராமர் விதிப்படி பிரித்துவிடலாம். ஆனால் டெல்ட்டா பூஜ்யம் வந்தால்? பிரிக்கவே முடியாது! பாறையிலும் சுவரிலும் அலை பட்டுத் திரும்பி, வெவ்வேறு வழியில் வந்தால்தான் சமன்பாடுகள் வேறுபடும்.

இந்தியாவில் 2022 அக்டோபர் 1-ல் தொடங்கிய 5ஜி-யில் 64 ஆண்டெனாப் பேனல்கள் உண்டு. 64 மடங்கு வேகம் என்று நினைத்துவிடாதீர்கள். 3.5 கிகாஹெர்ட்ஸில் அலைநீளம் சுமார் 8.6 செ.மீ.; பாதி 4.3. அந்த இடைவெளியில் பக்கவாட்டில் 8 வைத்தால் அகலம் 34 செ.மீ. இதில் பிரித்தறியக்கூடிய திசைகளும் ஏறக்குறைய எட்டுதான். அதே 34 செ.மீ.க்குள் 16-ஐத் திணித்தாலும் 16 ஆகாது. ஒரே காட்டில் சாமை விதையை இரண்டு பங்கு தூவினால் மகசூல் இரட்டிப்பாகுமா? அகலம்தான் முக்கியம், எண்ணிக்கை அல்ல.

எங்கள் மலையில் இப்படி ஒரு பேனலை வைத்தால், அதன் கற்றை நேர் எதிரே சுமார் 13 டிகிரி விரியும். ஒரு கிலோமீட்டர் தள்ளி அது 230 மீட்டர் அகலம். வெவ்வேறு சரிவில் இருக்கும் இரண்டு குக்கிராமங்களுக்கு ஒரே நேரத்தில், ஒரே அலைவரிசையில் தனித்தனியாக அனுப்பலாம். ஒரே திசையில் அடுத்தடுத்த வீடுகள் என்றால் பெரும்பாலும் நேரத்தைத்தான் பங்கு போடணும். தடையில்லாமல் டவர் நேரே தெரிகிற இடத்தில் நிற்பவருக்கு பலம் நன்றாக இருக்கும். ஆனால் வழி ஒன்றுதான். போலரைசேஷன் இரண்டு இருப்பதால் இரண்டு செய்தி போகும், அவ்வளவுதான்.