படி குறையலாம், கொலு நிற்காது

பழவங்காடிப் பிள்ளையார் கோயிலைக் கடந்துதான் நாள்தோறும் அலுவலகம் செல்கிறேன். பத்மநாபபுரத்தில் நாயர் படையினர் வழிபட்ட இந்தப் பிள்ளையார், படை திருவனந்தபுரத்துக்கு இடம்பெயர்ந்தபோது அதனுடன் இங்கு வந்தவர். இன்றும் இக்கோயிலை நிர்வகிப்பது இந்திய ராணுவமே. ஓயாமல் தேங்காய் உடைபடும் அந்தச் சன்னதியின் முன் நிற்கும்போதெல்லாம், இவரும் நம்மைப்போலப் பணியிட மாற்றத்தில் வந்தவர்தானே என்று எண்ணிக்கொள்வேன். 23 ஆண்டு வங்கிப் பணியில் எனக்கு இது ஏழாவது ஊர்.

ஒவ்வொரு மாற்றத்தின்போதும் எங்கள் வீட்டில் முதலில் கட்டப்படுபவையும் கடைசியில் பிரிக்கப்படுபவையும் கொலு பொம்மைகளே. இம்முறை வந்த 38 பெட்டிகளில் 11 பெட்டிகள் பொம்மைகளுக்கு உரியவை. வீட்டுக்கடன், பிள்ளைகளின் கல்வி, ஓய்வுக்காலச் சேமிப்பு ஆகியவை குறித்து எங்களிடம் ஆலோசனை கேட்கும் வாடிக்கையாளர்கள் பலர் உண்டு. மனத்துக்கு உவந்த ஒரு பொழுதுபோக்குக்கு எவ்வளவு செலவிடலாம் என்று கேட்டவர் எவரும் என் நினைவில் இல்லை. ஆயினும் குடும்பக் கணக்கில் எழுதப்படாமல் கரையும் பணத்தில் ஒரு பங்கு அவ்வழியே செல்கிறது. நான் அறிந்த பொழுதுபோக்கு பொம்மை சேகரிப்பு. ஆகவே அதைக் கொண்டே இதனை விளக்க முயல்கிறேன்.

நவராத்திரிக்கு ஏற்ற ஊர்

நவராத்திரியைக் கொண்டாட இதைவிடப் பொருத்தமான ஊர் அமைவது அரிது. ஆண்டுதோறும் பத்மநாபபுரத்திலிருந்து தேவாரக்கட்டு சரஸ்வதி அம்மனும், வேளிமலையிலிருந்து குமாரசுவாமியும், சுசீந்திரத்திலிருந்து முன்னுதித்த நங்கையும் ஊர்வலமாகப் புறப்பட்டு, குழித்துறையிலும் நெய்யாற்றின்கரையிலும் தங்கி, திருவனந்தபுரம் வந்து சேர்கின்றனர். 1956இல் கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டுடன் இணைந்த பின்னரும் இவ்வழக்கம் தொடர்கிறது. கோட்டைக்குள் நவராத்திரி மண்டபத்தில் ஒன்பது நாள்களும் சுவாதித் திருநாளின் கீர்த்தனைகள் ஒலிக்கின்றன. கோட்டை, வலியசாலை, கரமனை ஆகிய பகுதிகளின் தமிழ்க் குடும்பங்களில் அதே நாள்களில் கொலுப் படிகள் எழுகின்றன.

கொலு என்பது ஒருவகையில் நம் மண்ணின் சிற்றுருவச் சேகரிப்பே ஆகும். மதுரையை அடுத்த விளாச்சேரி, பண்ருட்டி, காஞ்சிபுரம் ஆகிய ஊர்களின் பொம்மைகளும், தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மையும், பொனிக்கி மரத்தில் செதுக்கிய ஆந்திரத்துக் கொண்டபள்ளி பொம்மையும், அரக்கு வண்ணம் பூசிய கர்நாடகத்துச் சன்னபட்டணப் பொம்மையும் ஒரே படியில் நிற்கக் காணலாம். ஆண்டுக்கு ஒரு பொம்மையேனும் புதிதாக வாங்க வேண்டும் என்பது பல இல்லங்களின் வழக்கம். ஒன்று என்று தொடங்கும் அந்த வழக்கம், கடைவீதியில் நிற்கும்போது ஒரு தொகுப்பு, இரு தொகுப்பு என்று வளர்ந்துவிடுவதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

அம்மாவின் குறிப்பேடு

என் தந்தையார் கோவையில் ஒரு பஞ்சாலையில் கணக்கராக இருந்தார். 1990ஆம் ஆண்டு அந்த ஆலை மூடப்பட்டது. அதுவரை எங்கள் வீட்டில் ஏழு படிகளில் கொலு வைப்பது வழக்கம். அவ்வாண்டு கொலுவே வேண்டாம் என்றார் தந்தை. வருவோருக்குச் சுண்டலும் வெற்றிலை பாக்கும் தரக்கூட யோசிக்கவேண்டிய நிலை. பொம்மைகளை விற்றுவிடலாம் என்று உறவினர் ஒருவர் சொன்னார். அம்மா கடைவீதியில் விசாரித்து வந்தார். வாங்கிய விலையில் கால் பங்கு தருவதற்கும் ஆள் இல்லை.

அம்மா இரண்டு முடிவுகள் எடுத்தார். ஏழு படி மூன்று படியாயிற்று. எஞ்சிய பொம்மைகள் பழைய வேட்டித் துணியில் சுற்றப்பட்டு, வேப்பிலையோடு டிரங்குப் பெட்டிக்குள் சென்றன. புதிய பொம்மை வாங்கும் வழக்கமும் விடுபடவில்லை. அவரது குறிப்பேட்டில் அவ்வாண்டுக்கான பதிவு இது: 'களிமண் கிளி ஒன்று, 3 ரூபாய்.' அடுத்த இரண்டு ஆண்டுகளும் மூன்று படிகளே. தந்தைக்கு வேறு பணி கிடைத்த பிறகு ஐந்து படியாயிற்று. பதினான்கு வயதில் அந்த மூன்று படிகளைக் கண்டு தோழியரை வீட்டுக்கு அழைக்க நான் வெட்கப்பட்டேன். வணிகவியல் படித்து வங்கிப் பணிக்கு வந்த பிறகே அம்மா செய்தது எத்தகைய நிதி நிர்வாகம் என்பது புரிந்தது. வருவாய் குறைந்தபோது அவர் அளவைக் குறைத்தார், வழக்கத்தைக் கைவிடவில்லை, அதற்காகக் கடனும் வாங்கவில்லை.

அவ்வேடு கற்பித்த மற்றொன்று: சேகரிப்பு என்பது செலவு, முதலீடு அன்று. வைப்புத்தொகையைப் போலவோ தங்கத்தைப் போலவோ நெருக்கடியில் அது கைகொடுக்காது. 'எப்படியும் வீட்டில் பொருளாகத்தானே இருக்கிறது' என்ற ஆறுதல் கணக்குக்கு உதவாது.

நான் செய்த பிழை

இத்தகைய தாய்க்கு மகளாகப் பிறந்தும் நான் தவறினேன். 2018இல் பதவி உயர்வுடன் பணியிட மாற்றமும் வந்தது. பதவி உயர்ந்த மகிழ்ச்சியில், புதிய ஊதியம் கைக்கு வருமுன்னரே, காகிதக்கூழில் செய்த தசாவதாரத் தொகுப்பும் கல்யாண ஊர்வலத் தொகுப்புமாக 12,000 ரூபாய்க்குக் கடன் அட்டையில் வாங்கினேன். அதே மாதத்தில் புதிய வீட்டுக்கு முன்பணமும் மகனின் பள்ளிக் கட்டணமும் சேர்ந்துகொண்டன. அட்டைக் கணக்கில் குறைந்தபட்சத் தொகையை மட்டும் செலுத்தினேன்.

கணக்கைப் பாருங்கள். மாதம் 3.5 விழுக்காடு வட்டி என்றால் 12,000 ரூபாய்க்கு 420 ரூபாய். அதன்மீது 18 விழுக்காடு சரக்கு மற்றும் சேவை வரி ஏறக்குறைய 76 ரூபாய். ஆக 496 ரூபாய். நான் கட்டிய 600 ரூபாயில் அசலில் கழிந்தது 104 ரூபாய் மட்டுமே. பிறருக்குக் கடன் விதிகளை எடுத்துரைக்கும் நான், இதை என் கணக்கில் கண்டபோதுதான் விழித்துக்கொண்டேன். சேமிப்பிலிருந்து எடுத்து முழுவதையும் அடைத்தேன். பொம்மைகளின் மேல் எனக்கு எவ்வருத்தமும் இல்லை. இன்றும் அவை எங்கள் கொலுவில் உள்ளன. வாங்கிய காலமும் வாங்கிய வழியுமே தவறு.

விலைச்சீட்டில் இல்லாத செலவுகள்

பொம்மையின் விலை செலவின் ஒரு பகுதியே. பராமரிப்பும் இடமாற்றமும் விலைச்சீட்டில் இடம்பெறுவதில்லை. களிமண் பொம்மை மலிவு. ஆனால் கனமானது, பயணத்தில் உடையும். காகிதக்கூழ் பொம்மை இலேசானது, பயணத்தைத் தாங்கும். ஆனால் விலை கூடுதல், ஈரத்தை உறிஞ்சும். திருவனந்தபுரமோ தென்மேற்கு, வடகிழக்கு என இரு பருவமழைகளையும் பெறும் ஊர். இங்கு வந்த முதல் ஆண்டிலேயே தரையோடு வைத்திருந்த ஒரு பெட்டியில் பூஞ்சை பிடித்துவிட்டது. இப்போது பெட்டிகள் பரண்மேல் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலங்கள் உள்ளன. மாற்றத்தின்போது சாமான் ஏற்றும் செலவை வங்கி ஏற்றாலும், தனிப் பெட்டிகள், பஞ்சு, உடைந்தவற்றுக்கு மீண்டும் வண்ணம் தீட்டுதல் ஆகியவை என் பொறுப்பே. சொந்த வீட்டில் நிலைத்திருப்பவர் களிமண்ணை விரும்பி வாங்கலாம். மூன்றாண்டுக்கொரு முறை ஊர் மாறுபவர் மரத்தையும் காகிதக்கூழையும் நாடுவதே, விலை சற்றுக் கூடினாலும், முடிவில் சிக்கனம்.

மகனின் படை

என் மகனுக்குச் சேகரிப்பு வேறு வடிவில் வாய்த்தது. மேசைமேல் ஆடும் போர் விளையாட்டுகளுக்கான, விரல் உயரமே உள்ள வீரர் உருவங்களை வாங்கி, ஒட்டி, நுண்ணிய தூரிகையால் வண்ணம் தீட்டுவான். இதுவும் புதிய பழக்கம் அன்று. 1893இல் இங்கிலாந்தின் பிரிட்டன்ஸ் நிறுவனம் உட்கூடாக வார்த்த ஈய வீரர்களை விற்கத் தொடங்கியது. உள்ளே வெற்றிடம் இருந்ததால் உலோகம் மிச்சமாயிற்று, விலையும் குறைந்தது. 1913இல் எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ் இத்தகைய வீரர்களைக் கொண்டு ஆடுவதற்கான விதிகளை 'லிட்டில் வார்ஸ்' என்னும் நூலாக வெளியிட்டார். இன்று உலகெங்கும் அறியப்பட்ட 'வார்ஹேமர்' 1983இல் வந்தது.

இங்கும் உருவங்களின் விலை தொடக்கம் மட்டுமே. வண்ணக் குப்பிகள், தூரிகைகள், பசை, பாதுகாப்புப் பெட்டி ஆகியவை ஒவ்வொன்றாகச் சேரும். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் தீர்வையும் உண்டு. பொம்மைகள் மீதான அடிப்படைச் சுங்கத் தீர்வை 2020இல் 20 விழுக்காட்டிலிருந்து 60 ஆகவும், 2023இல் 70 ஆகவும் உயர்த்தப்பட்டது.

படிப்பு முடிந்து டெக்னோபார்க்கில் முதல் பணியில் சேர்ந்த மகன், முதல் ஆறு மாதங்களில் வண்ணம் தீட்டும் வேகத்தைவிட வாங்கும் வேகத்தை மிகுவித்தான். பிரிக்கப்படாத பெட்டிகள் அலமாரியில் அடுக்கடுக்காக நின்றன. பிறகு அவன் பணியாற்றிய திட்டம் நிறுத்தப்பட்டு, வேலையும் போயிற்று. மறுநாள் அம்மா தம் குறிப்பேட்டை எடுத்து 1990ஆம் ஆண்டுப் பக்கத்தை அவன்முன் விரித்துவைத்தார். வேறொன்றும் சொல்லவில்லை.

அடுத்த நான்கு மாதங்கள் அவன் ஒரு பெட்டியும் வாங்கவில்லை. இருந்தவற்றைப் பிரித்தான். காலையில் நேர்முகத் தேர்வுகளுக்கான படிப்பு, மாலையில் இரண்டு மணி நேரம் தூரிகை. அந்நாள்களில் மகனின் மனம் தளராமல் இருந்ததற்கு அந்த மாலைநேரங்களே காரணம் என்று நம்புகிறேன். வாங்குவதே செலவு மிக்கது. செய்வதற்கு ஆகும் செலவு சிறிது. வருவாய் நின்ற காலத்திலும் செய்வதை நிறுத்த வேண்டியதில்லை.

எங்கள் வீட்டு ஏற்பாடு

பொம்மைகளானாலும் புகைப்படக் கருவிகளானாலும் நாணயங்களானாலும் பின்வரும் ஏற்பாடு பொருந்தும்.

முதலாவது, மூன்று முதல் ஆறு மாதக் குடும்பச் செலவுக்கான அவசர நிதி தனியே இருக்க வேண்டும். பொழுதுபோக்குக்கான தொகை அதன் பிறகே.

இரண்டாவது, ஆண்டுத் தொகையை முன்கூட்டியே சேமியுங்கள். மாதம் 500 ரூபாய் வீதம் ஓராண்டுத் தொடர் வைப்பில் செலுத்தினால், 6 விழுக்காடு வட்டி எனக் கொண்டால், முதிர்வில் சுமார் 6,197 ரூபாய் கிடைக்கும். வட்டி சிறிதே. ஆயினும் கடைக்குச் செல்லும்போது வரம்பு தெரிந்திருக்கும்.

மூன்றாவது, அத்தொகையைப் பிரித்துவையுங்கள். நாங்கள் பாதியைப் புதிய பொம்மைகளுக்கும், கால் பங்கைப் பராமரிப்புக்கும், கால் பங்கை இடமாற்றத்துக்கும் ஒதுக்குகிறோம். மாற்றம் வராத ஆண்டுகளில் கடைசிப் பங்கு சேர்ந்துகொண்டே போகும்.

நான்காவது, திருமணம், குழந்தைப் பேறு, பணி மாற்றம், பணி இழப்பு, ஓய்வு ஆகியவற்றுள் எது நேர்ந்தாலும், அடுத்த பொருளை வாங்குமுன் தொகையைத் திருத்தி எழுதுங்கள். வருவாய் கூடினாலும் மூன்று மாத ஊதியம் கணக்கில் வந்த பின்னரே உயர்த்துங்கள்.

ஐந்தாவது, கடன் அட்டையில் வாங்கினால் கெடு நாளுக்குள் முழுத் தொகையையும் செலுத்துங்கள். இயலாது எனில் அது இவ்வாண்டுக்குரிய பொருள் அன்று.

ஆறாவது, கைமாற்றித் தரும் காலத்தையும் எண்ணிப்பாருங்கள். ஓய்வுக்குப்பின் சிறிய வீட்டுக்குச் செல்வோர், எவை யாருக்கு என்று தாமே பேசி ஒப்படைப்பது நன்று. அம்மா தம் மரப்பாச்சி இணையை என் திருமணத்தின்போதே என்னிடம் தந்துவிட்டார்.

இவ்வாண்டுக் கொலு

மகனுக்கு இப்போது வேறு பணி கிடைத்துள்ளது. ஊதியம் முன்பைவிடச் சற்றுக் குறைவு. கோட்டையை அடுத்த எங்கள் வாடகை வீட்டின் கூடமும் சிறியது. ஆகவே இவ்வாண்டு மூன்று படிகளே வைத்தோம். மேற்படியில் மரப்பாச்சிகளும் அந்தக் களிமண் கிளியும். கீழ்ப்படியில் அரிசி, பருப்பு பரப்பிய கடையோடு செட்டியாரும் செட்டிச்சியும். அவர்களுக்குக் காவலாக மகனின் பத்து வீரர்கள்.

"இது என்ன விலைப்பா?" என்று கேட்டார் அம்மா.

"எல்லாம் பழைய பெட்டியில் இருந்தவைதான் பாட்டி. வண்ணம் மட்டும்தான் புதுசு" என்றான் அவன். அம்மா குறிப்பேட்டைக் கொண்டுவரச் சொல்லி, அவன் கையாலேயே எழுதச் செய்தார்: 'வீரர் பத்து, செலவு, வண்ணம் ஒரு குப்பி.'

விஜயதசமி இரவு ஒரு பொம்மையைப் படுக்கவைத்து, மறுநாள் மற்றவற்றைப் பெட்டிகளில் அடுக்குவோம். அடுத்த ஆண்டுக்கான தொடர் வைப்பின் முதல் தவணையை அன்றே செலுத்துவது எங்கள் வழக்கம். தங்கள் இல்லத்துக்கும் அந்நாள் பொருத்தமாக இருக்கும்.