‘குளோவரில் வாழ்கிறார்’ என்றால் என்ன? விளக்கம் ஜொகூர் தோட்டத்திலேயே இருக்கிறது

பணக் கவலையின்றி வசதியாக வாழ்பவரை ஆங்கிலத்தில் ‘குளோவரில் வாழ்கிறார்’ என்பார்கள். தமிழில் ‘ராஜபோக வாழ்க்கை’ என்கிறோமே, கிட்டத்தட்ட அதே பொருள்தான். ஆனால், இந்த ஆங்கிலத் தொடரில் ராஜா இல்லை; மாடுதான் இருக்கிறது.

குளோவர் என்பது குளிர்நாடுகளில் வளரும் மூன்றிலைத் தீவனச் செடி. புரதச்சத்து நிறைந்தது. அது அடர்ந்த வயலில் மேயும் மாடு வயிறாரத் தின்று கொழுக்கும். அந்தக் காட்சிதான் 18ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் மனிதரையும் குறிக்கும் மரபுத்தொடரானது.

குளோவர் பயறு வகையைச் சேர்ந்தது. அதன் வேர் முடிச்சுகளில் வாழும் பாக்டீரியாக்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைச் செடிக்கு உரமாக்கித் தருகின்றன. அதனால் மண்ணும் வளமாகிறது.

ஜொகூரில் குளோவர் வயல்கள் கிடையாது. ஆனால், அதே வேலையைச் செய்யும் உறவுக்கொடிகள் உண்டு. குளுவாங், சிகாமட், கூலாய் வட்டாரங்களில் தோட்டங்களைப் பார்த்தவர்களுக்கு அவை புதிதல்ல. இளம் ரப்பர், செம்பனை நிரைகளுக்கு இடையே தரையை மூடிப் படரும் புவேரேரியா, கலப்பகோனியம், சென்ட்ரோசீமா ஆகியவையே அவை. களையை அடக்கும், மழையில் மண் அரிக்காமல் காக்கும், உரமும் தரும். மரங்கள் வளர்ந்து நிழல் அடர்ந்ததும் மங்கிவிடும்.

இந்த மண்ணைப் பண்படுத்தியவர்களில் நம் தோட்டத் தொழிலாளர்களும் அடங்குவர். வளம் நிலத்துக்குச் சேர்ந்தது. அவர்களுக்குக் கிடைத்தது கூலி மட்டுமே. அது போதாதபோது கைகொடுத்தது, லயத்து வீட்டுக்குப் பின்னால் கட்டியிருந்த மாடு. வெளிக்காட்டு வேலை முடிந்ததும் புல்லறுத்து வந்து, பால் விற்றுக் குடும்பம் நடத்தியவர்கள் பலர். பின்னாளில் தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறின. வேலையோடும் வீட்டோடும் மாட்டையும் விட்டு வெளியேறிய குடும்பங்கள் ஏராளம். அடுக்குமாடி வீட்டில் மாட்டுக்கு ஏது இடம்?

தமிழில் ‘மாடு’ என்ற சொல்லுக்கே செல்வம் என்றும் பொருள் உண்டு. திருக்குறளின் 400ஆவது குறள் அந்தப் பொருளில்தான் அதைக் கையாளுகிறது. அழியாத செல்வம் கல்வியே, மற்றவை செல்வமல்ல என்கிறது அக்குறள். பால் விற்ற காசில் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிய தோட்டத்துப் பெற்றோர் செய்ததும் அதுதான். ஒரு மாட்டை இன்னொரு மாடாக, அழியாத மாடாக மாற்றினார்கள். அவர்கள் குளோவரில் வாழவில்லை. பிள்ளைகள் வாழ வழி செய்தார்கள்.